வெறுப்புப் பதாகைக்கும் போலீஸ் காவலா?

ராணுவ வீரர் ஒருவரின் இறுதிச் சடங்கு நடந்த நேரத்தில், "வீரர்கள் செத்ததற்குக் கடவுளுக்கு நன்றி" என்று பதாகை தூக்கி நின்றவர்களிடம் நஷ்டஈடு வாங்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் கோபமே மிகுதி. அந்தக் கோபம் நியாயமானது என்பதால் இந்த மாதம் முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்குகிறோம். பதில்கள் அமெரிக்கச் சட்டத்தைப் பற்றியவை. வேறு நாட்டின் சட்டம் வரும் இடத்தில் நாட்டின் பெயரைச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: பெற்ற பிள்ளையை அடக்கம் செய்ய வந்த தகப்பனுக்கு எதிரே இப்படி நிற்பதற்குப் பெயர் பேச்சுரிமையா? எட்டு நீதிபதிகள் எப்படி இதற்குத் தலையாட்டினார்கள்?

நடந்தது என்ன என்பதை முதலில் துல்லியமாகப் பார்த்துவிடுவோம். 2006 மார்ச் 10, மேரிலாந்து மாநிலத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் ஊர். ஈராக்கில் இறந்த மரைன் படை வீரரின் இறுதிச் சடங்கு. கன்சாஸ் மாநிலத்திலிருந்து வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சர்ச்சைச் சேர்ந்த 7 பேர் வந்தார்கள். ஓரினச் சேர்க்கையாளர்களை அமெரிக்கா பொறுத்துக்கொள்வதால்தான் கடவுள் அதன் வீரர்களைக் கொல்கிறார் என்பது அவர்களுடைய பிரசாரம். தகப்பன் வழக்குப் போட்டார். ஜூரி 29 லட்சம் டாலர் நஷ்டஈடும், தண்டனையாக 80 லட்சம் டாலரும் விதித்தது. விசாரணை நீதிபதி மொத்தத்தை 50 லட்சமாகக் குறைத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்ததோடு நிற்கவில்லை. எதிர்த்தரப்பின் மேல்முறையீட்டுச் செலவு 16,510 டாலரைத் தகப்பனே கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இந்த வழக்கில் நம் நெஞ்சை அதிகம் அறுப்பது அந்த உத்தரவுதான். 2011 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் சர்ச்சின் பக்கம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு தங்கி நிற்கும் தூண்களைக் கவனியுங்கள். அவர்கள் நின்றது பொது நிலத்தில். தேவாலயத்திலிருந்து சுமார் 1,000 அடி தூரத்தில். போலீசுக்கு முன்கூட்டியே சொல்லி, போலீஸ் காட்டிய இடத்தில் நின்றார்கள். சடங்கு தொடங்கும் முன் சுமார் அரை மணி நேரம் நின்றார்கள். தேவாலயத்துக்குள்ளோ கல்லறைக்கோ போகவில்லை. கெட்ட வார்த்தையோ கைகலப்போ இல்லை. ஊர்வலம் அவர்களிடமிருந்து 200 முதல் 300 அடி தூரத்தில் கடந்தபோது தகப்பன் கண்டது பதாகைகளின் மேல் விளிம்பை மட்டுமே. அதில் எழுதியிருந்ததை அன்றிரவு தொலைக்காட்சிச் செய்தியில்தான் பார்த்தார். எழுதியிருந்தவை பெரும்பாலும் போர், ராணுவம், நாட்டின் ஒழுக்கம் பற்றியவை. எவ்வளவு அருவருப்பானாலும் பொது விவகாரங்கள். இந்த உண்மைகளில் சில மாறியிருந்தாலே தீர்ப்பும் மாறியிருக்கலாம். வெறுப்புப் போராட்டம் எங்கும் எப்படியும் செல்லும் என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை.

மாறுபட்ட ஒரே நீதிபதி அலிட்டோ. பொது விவாதம் செழிக்க வேண்டும் என்பதற்காகத் துயரத்தில் இருக்கும் ஒரு தனிமனிதரைக் குத்திக் கிழிக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அதைச் சுலபமாகத் தள்ள எங்களால் முடியவில்லை. ஆனாலும் பெரும்பான்மைதான் சரி என்பது எங்கள் கருத்து. ஜூரியிடம் கொடுக்கப்பட்ட அளவுகோல் "மிகவும் அடாத செயலா?" என்பது. எது அடாதது என்பதை அந்தந்த ஊரின் பெரும்பான்மை மனம் தீர்மானிக்கும். இன்று அந்த அளவுகோல் இந்த 7 பேரை அடித்தது. பெரும்பான்மைக்குப் பிடிக்காத வேறொரு சிறு கூட்டத்தை நாளை அது அடிக்கும்போது கையைப் பிடித்து நிறுத்த யாரும் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் துக்க வீட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானா?

இல்லை. சொல்லைத் தொட முடியாது. இடம், நேரம், சத்தம் மூன்றையும் தொடலாம். சொல்லின் உள்ளடக்கத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்தும் விதி, தேவைக்கு மேல் போகாத விதி, சொல்ல வேண்டியதை வேறு விதமாகச் சொல்ல வழிவிடும் விதி என்றால் அது செல்லும். 1989 முதல் நீதிமன்றங்கள் பிடித்துவரும் சோதனை இது.

ராணுவ இறுதிச் சடங்குகளுக்கு 2012-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. சடங்குக்கு 2 மணி நேரம் முன்பிலிருந்து முடிந்து 2 மணி நேரம் வரை, சடங்கு நடக்கும் இடத்தின் எல்லையிலிருந்து 300 அடிக்குள் வழியை மறிக்கக் கூடாது. வாசலுக்குப் போகும் பாதையருகே 150 அடிக்குள் சடங்கைக் கலைக்கும் இரைச்சல் கூடாது. மற்றக் குடும்பங்களுக்கு மாநிலச் சட்டமும் நகர விதியும்தான் துணை. ஒஹாயோ மாநிலத்தின் 300 அடி விதி 2008-லும், மிசௌரியின் மான்செஸ்டர் நகர விதி 2012-லும் மேல்முறையீட்டில் தப்பின. இரண்டும் 300 அடி, முன்னும் பின்னும் 1 மணி நேரம். ஒஹாயோ சட்டத்தில் விழுந்தது ஒரே பகுதி: நகரும் ஊர்வலத்தைச் சுற்றியும் 300 அடி என்ற பகுதி. காரணம் எளிது. ஊர்வலம் ஓடும் வழியெல்லாம் தடைக் கோடும் கூடவே ஓடினால், தெருவோரம் நிற்பவன் தான் எப்போது குற்றவாளி ஆகிறான் என்றே தெரியாமல் ஆகிவிடும். ஆகவே உங்கள் ஊரில் விதி எழுதுவதாக இருந்தால் நிலையான இடத்தை வைத்து எழுதச் சொல்லுங்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. மறியல் வரப்போவதாகத் தெரிந்த அன்றே காவல் நிலையத்துக்குச் சடங்கின் இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம் மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். நேரம் எழுத்தில் இல்லாவிட்டால் தடை எப்போது தொடங்குகிறது என்பதிலேயே தகராறு வரும். கல்லறைத் தோட்டம் தனியார் நிலமாக இருந்தால், அழைக்காதவர்கள் உள்ளே வரக் கூடாது என்று உரிமையாளரிடம் கடிதம் வாங்கிப் போலீசிடம் வையுங்கள்; உள்ளே கால் வைத்தால் அது அத்துமீறல், பேச்சுரிமை அங்கே பேசாது. ஊர்வலம் போகும் சாலையை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். உங்கள் வீட்டை மட்டும் குறிவைத்து வாசலில் நிற்பதைத் தடுக்கும் நகர விதி இருக்கிறதா என்று பாருங்கள். அத்தகைய விதி செல்லும் என்று 1988-ல் விஸ்கான்சின் மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மறைப்பும் ஒரு வழி. 1998-ல் வயோமிங்கில் மாத்யூ ஷெப்பர்ட் என்ற மாணவர் கொல்லப்பட்ட வழக்கின் விசாரணை நடந்தபோது, நண்பர்கள் பெரிய வெள்ளை இறக்கைகள் தைத்து உடுத்திக்கொண்டு அதே சர்ச்சின் பதாகைகளுக்கு முன்னால் வாய் திறக்காமல் நின்றார்கள். 2005-ல் கன்சாஸில் தொடங்கிய பேட்ரியட் கார்டு ரைடர்ஸ் மோட்டார் சைக்கிள் குழுவினர், குடும்பத்தார் அழைத்தால் மட்டும் வந்து கொடிகளோடு வரிசையாக நின்று மறைப்பார்கள்.

காரியம் கெடுவது ஒரே இடத்தில்: நம் பக்கத்து ஆள் ஒருவர் பதாகையைப் பிடுங்கிவிடுவார், அல்லது கையை ஓங்கிவிடுவார். அந்த நொடியில் குற்றவாளி மாறிவிடுகிறார். குடும்பத்து இளைஞர்கள் அருகே ஒரு பெரியவரை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் வெறுப்புப் பேச்சு என்று ஒரு குற்றமே கிடையாதாமே, உண்மையா?

அந்தப் பெயரில் தனிக் குற்றம் கிடையாது. ஆனால் வேறு கதவுகள் உண்டு. உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும், அது உடனே நடந்துவிடக்கூடிய நிலையும் சேர்ந்திருந்தால் பாதுகாப்பு இல்லை. இது 1969-ல் ஒஹாயோவில், வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் தலைவர் ஒருவர் வழக்கில் வந்த பிராண்டன்பர்க் சோதனை. "இவர்களை நாட்டைவிட்டு விரட்ட வேண்டும்" என்று மைக்கில் கத்துவது தப்பிக்கும். கல்லோடு நிற்கும் கூட்டத்திடம் ஒரு வீட்டைக் காட்டி "இப்போதே" என்றால் தப்பாது. உண்மையான மிரட்டலுக்கும் பாதுகாப்பு இல்லை. அச்சுறுத்தும் நோக்கத்தோடு சிலுவையை எரிப்பதை (கிளானின் பழைய வழக்கம் இது) மாநிலம் தடுக்கலாம் என்று 2003-லும், தன் சொல் மிரட்டலாகப்படும் என்ற ஆபத்தைத் தெரிந்தே அலட்சியம் செய்தவரைத் தண்டிக்கலாம் என்று 2023-லும் தீர்ப்புகள் உண்டு. அடிதடி நடந்துவிட்டால், ஆளை வெறுப்பால் தேர்ந்தெடுத்தார் என்பதற்காகத் தண்டனையைக் கூட்டலாம் (1993). அப்போது அவர் முன்பு பேசிய பேச்சே சாட்சியாக வந்து நிற்கும்.

கேள்வி: எங்கள் நகர சபைக்கு ஒரு இனவெறிக் குழு பேரணி அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறது. நிராகரித்தால் என்ன?

குழுவின் கொள்கையைக் காரணம் காட்டி நிராகரித்தால் அநேகமாக தோற்பீர்கள். தோற்றால் அவர்களுடைய வழக்கறிஞர் கட்டணத்தையும் நகரத்தின் தலையில் கட்ட மத்தியச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் ஊர் வரிப்பணம் அந்தக் குழுவின் வக்கீலுக்குப் போகும். அவர்கள் பலமுறை எதிர்பார்ப்பதே அதைத்தான்.

வேறு பெயரில் தடுக்கப் பார்க்கும் வழிகளும் அடைபட்டவை. யூத மக்கள் நிறைந்த, நாஜி முகாம்களில் தப்பிப் பிழைத்த ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஸ்கோக்கி என்ற இல்லினாய் ஊரில் 1977-ல் ஒரு நாஜிக் குழு அணிவகுக்கப் போவதாக அறிவித்தது. ஊர் சபை 3 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடும் 50,000 டாலர் சொத்துச் சேதக் காப்பீடும் கேட்டது. அந்தக் குழுவுக்கு எந்த நிறுவனமும் காப்பீடு தராது என்பது எல்லோருக்கும் தெரியும். 1978-ல் நீதிமன்றம் அதை வீழ்த்தியது. குழுவுக்காக வாதாடிய அமெரிக்கக் குடிமை உரிமைச் சங்கத்தின் வழக்கறிஞர் யூதர். சங்கத்தின் இயக்குநர் ஆர்யே நையர் நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் தப்பி வந்தவர். கடைசியில் அந்தக் குழு ஸ்கோக்கிக்குப் போகவில்லை. 1978 ஜூலையில் சிகாகோவில் கூட்டம் போட்டுவிட்டுக் கலைந்தது.

ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத் கவுண்டி வழக்கைத்தான் சபை உறுப்பினர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 1987 ஜனவரியில் ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் சுமார் 90 பேர் அங்கே இனவெறிக்கு எதிராக நடந்தார்கள். சுமார் 400 பேர் எதிர்த்துத் திரண்டு கல் எறிந்தார்கள். அடுத்த வாரம் ஏறக்குறைய 20,000 பேர் நடந்தார்கள். காவலுக்கு 3,000-க்கும் மேற்பட்ட போலீசும் படையினரும், செலவு 6,70,000 டாலருக்கு மேல். உடனே கவுண்டி ஒரு விதி போட்டது: அனுமதி கேட்பவர் நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை கட்ட வேண்டும், எவ்வளவு என்பதை அதிகாரி முடிவு செய்வார். பின்னாளில் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1992-ல் ஜெயித்தது ஒரு வெள்ளை இனவாதக் குழு. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் விதி யாருடைய ஊர்வலத்துக்குப் பிறகு பிறந்தது என்று பாருங்கள். அது நிலைத்திருந்தால், கல் எறிந்தவர்களின் வெறிக்கு ஹோசியா வில்லியம்ஸ் போன்றவர்கள் காவல் செலவு கட்ட வேண்டியிருந்திருக்கும். எதிர்ப்பவர்கள் எவ்வளவு மூர்க்கமோ அவ்வளவு விலை பேசுபவருக்கு: இதைத்தான் நீதிமன்றம் வேண்டாம் என்றது.

சரி, என்ன செய்யலாம்? அனுமதி விதி முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்; விண்ணப்பம் வந்த பிறகு எழுதிய விதி சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். 2002-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சிகாகோ பூங்கா விதி நல்ல மாதிரி: 50 பேருக்கு மேல் என்றால் அனுமதி தேவை, 28 நாளுக்குள் முடிவு, மறுத்தால் எழுத்தில் காரணம், மேல்முறையீட்டுக்கு வழி. கட்டணம் எல்லோருக்கும் ஒன்று. கூட்டத்தின் அளவு, சாலை மூடும் நேரம், ஒலிபெருக்கியின் சத்தம் இவற்றை வைத்து நிபந்தனை போடலாம். கேடயம், தடி, கண்ணாடிப் புட்டி இவற்றை இரு தரப்புக்கும் தடை செய்யலாம். துப்பாக்கி விஷயத்தில் பல இடங்களில் நகரத்தின் கையை மாநிலச் சட்டம் கட்டிப்போடும். உங்கள் நகர வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

இடத்தை மாற்ற நினைத்தால் சீக்கிரம் மாற்றுங்கள், ஆதாரத்தோடு மாற்றுங்கள், இரு தரப்பையும் ஒரே தராசில் வையுங்கள். 2017-ல் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரம் பேரணிக்குச் சில நாட்கள் இருக்கையில் இனவாதிகளின் இடத்தை மட்டும் மாற்றியது. எதிர்ப்பாளர்களின் அனுமதிகளை அப்படியே விட்டது. பேரணிக்கு முந்தைய நாள் நீதிபதி தடுத்துவிட்டார். மறுநாள் ஆகஸ்ட் 12 அன்று இரு கூட்டமும் ஒரே தெருவில் முட்டிக்கொண்டன. போலீஸ் அவர்களைப் பிரித்து வைக்கவும் இல்லை, அடிதடி தொடங்கியபோது நடுவே புகவும் இல்லை என்று பின்னர் நடந்த சுயேச்சை ஆய்வு கண்டது. அன்று ஒருவன் காரை எதிர்ப்பாளர்கள் மீது ஏற்றியதில் ஹெதர் ஹேயர் என்ற பெண் உயிரிழந்தார். ஏற்பாட்டாளர்கள் தப்பிவிடவில்லை. வன்முறைக்குச் சதி செய்தார்கள் என்று 2021-ல் ஜூரி 2.5 கோடி டாலருக்கு மேல் விதித்தது. தொகை பிறகு மேல்முறையீடுகளில் மாறியது. அவர்களை மாட்டிவிட்டவை முன்கூட்டியே தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட செய்திகள். வெறுப்புக்காக அல்லாமல் திட்டத்துக்காகத் தண்டித்தபோது வழக்கு நின்றது.

பொதுவாகச் சொன்னால், இரு கூட்டத்துக்கும் நடுவே ஒரு தெரு அகலம் வெற்றிடம், இருபுறமும் தடுப்பு, வருவதற்கும் போவதற்கும் தனித்தனி வழி, கலையும் நேரத்தில் ஒரு தரப்பு முழுதும் போன பிறகே மற்றதை விடுவது. மோதல் பேச்சு நடக்கும்போது மட்டும் வருவதில்லை. வண்டி நிறுத்திய இடத்துக்கு நடந்து போகும்போதும் வரலாம்.

கேள்வி: எதிரே நிற்கும் கூட்டம் கொதித்து எழுந்தால், அமைதி காக்கப் பேச்சாளரை அப்புறப்படுத்துவதுதானே புத்திசாலித்தனம்?

அப்படிச் செய்தால் கல் எறிபவன் கையில் வீட்டோ கொடுத்தது ஆகும். 2012-ல் மிச்சிகனின் டியர்பர்ன் நகரில் அரபு விழாவுக்குள் சிலர் பன்றித் தலையைக் கம்பில் செருகிக்கொண்டு இஸ்லாத்தை இழித்துப் பேசி நடந்தார்கள். இளைஞர்கள் புட்டிகளை எறிந்தார்கள். போலீஸ் எறிந்தவர்களை அடக்குவதை விட்டுவிட்டு, வெளியேறாவிட்டால் வழக்கு என்று பேசியவர்களை மிரட்டியது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அது உரிமை மீறல் என்றது. அந்த ஆட்களின் செயல் எங்களுக்குக் குமட்டுகிறது. ஆனால் போலீசின் முதல் கடமை எறியும் கையைப் பிடிப்பது. அதற்கு நேர்மையாக முயன்றும் முடியாமல் போனால்தான் அடுத்த யோசனை.

கேள்வி: பேரணியில் கலந்துகொண்ட ஊழியரைத் தனியார் நிறுவனம் வேலையை விட்டு நீக்கினால் அது பேச்சுரிமை மீறலா?

பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும்; தனியார் நிறுவனத்தை அது கேள்வி கேட்காது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் ஊழியரின் அரசியல் செயல்பாட்டைக் காக்கும் தொழிலாளர் சட்டம் தனியாக உண்டு. அரசு ஊழியர் என்றால் பேச்சின் பொது முக்கியத்துவத்தையும் பணிக்கு வரும் கேட்டையும் நீதிமன்றம் எடைபோடும்.

கேள்வி: ஜெர்மனியில் நாஜிச் சின்னத்தைக் காட்டினாலே குற்றம். கனடாவிலும் சட்டம் இருக்கிறது. அந்த நாடுகள் சர்வாதிகாரமாகிவிட்டனவா? பாதிக்கப்பட்டவன் தாங்கிக்கொள்ளட்டும் என்பது வசதியானவர்களின் வாதமாகத் தெரியவில்லையா?

இந்தத் தொகுப்பிலேயே கனமான கேள்வி இது. அந்த நாடுகள் சர்வாதிகாரமாகவில்லை. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 130-ம் பிரிவு மக்கள் மீது வெறுப்பைத் தூண்டுவதைத் தண்டிக்கிறது. ஹிட்லரின் துணைவர் ருடால்ஃப் ஹெஸ் புதைக்கப்பட்டிருந்த வுன்ஸீடல் ஊரில் அவர் நினைவாக நடக்கவிருந்த கூட்டத்துக்கான தடையை அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2009-ல் ஏற்றது. கனடாவின் உச்ச நீதிமன்றம் வெறுப்புப் பிரசாரச் சட்டத்தை 1990-ல் 4-க்கு 3 என்று நூலிழையில் காத்தது. ஜெர்மனி பட்ட பாட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. பேச்சின் விலையைப் பேசுபவர் கொடுப்பதில்லை, குறிவைக்கப்பட்டவர் கொடுக்கிறார் என்பதும் உண்மை. ஸ்கோக்கியில் அந்த விலையைக் கேட்டது முகாமிலிருந்து மீண்டு வந்தவர்களிடம்.

ஆனாலும் தெருப் போராட்டம் என்று வரும்போது எங்களுக்கு அமெரிக்கக் கோட்டின் பக்கம் நிற்கவே மனம் சொல்கிறது. காரணம் அலபாமாவின் பர்மிங்காம் நகரம். அங்கே கறுப்பின மக்களின் ஊர்வலங்களுக்கு அனுமதியை மறுக்கப் பயன்பட்ட விதியில் இருந்த சொற்கள் பொது நலன், அமைதி, கண்ணியம், ஒழுங்கு, ஒழுக்கம். கேட்க எவ்வளவு நல்ல சொற்கள்! 1963-ல் அந்தச் சொற்களின் சாவி புல் கானர் என்ற ஆணையரிடம் இருந்தது. அனுமதி கேட்டுப் போனவரிடம், மறியலுக்கு அனுமதி இல்லை, உங்களைச் சிறைக்குத்தான் அனுப்புவேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். மார்ட்டின் லூதர் கிங் அந்த ஏப்ரலில்தான் அங்கே சிறை போனார். அந்த விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1969 ஆயிற்று. அதே 1963-ல் தென் கரோலினாவின் 187 கறுப்பின மாணவர்களுக்கு அமைதியைக் குலைத்ததாகக் கொடுத்த தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர்கள் செய்தது சட்டமன்ற வளாகத்தில் பாடியதும் கை தட்டியதும்தான். அன்று பெரும்பான்மையின் கண்ணுக்கு அவர்கள்தான் வெறுக்கத்தக்கவர்கள். வசதியானவர்களுக்கு அனுமதி மறுக்கப்படுவது அரிது.

நடுவழி ஒன்றும் உண்டு. 2012-ல் ஐ.நா. ஏற்பாட்டில் உருவான ரபாத் செயல் திட்டம், பேச்சைக் குற்றமாக்குவதற்கு முன் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசுபவரின் செல்வாக்கு, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், எவ்வளவு தூரம் பரவியது, தீங்கு நேரும் சாத்தியம். வெறுப்புச் சட்டம் வேண்டும் என்பவர்கள் குறைந்தபட்சம் இந்த ஆறையும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதச் சொல்ல வேண்டும்.

கேள்வி: எதிர்ப் போராட்டத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். போகலாமா? எதை கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போங்கள், உங்களுக்கும் அதே உரிமை, அதே எல்லை. உங்கள் குழுவும் தனி அனுமதி வாங்கட்டும். வாங்காமல் அவர்கள் அனுமதி பெற்ற சதுக்கத்துக்குள் புகுந்தால் வெளியேற்றப்படுவது நீங்கள்தான். கோஷம் போடலாம். வழியை மறிக்கக் கூடாது, ஒலிபெருக்கிக் கம்பியைப் பிடுங்கக் கூடாது. சில மாநிலங்களில் முகத்தை மறைத்துக்கொண்டு கூடுவதே குற்றம், முன்பே பார்த்துவிடுங்கள். கலையும் நேரத்தையும் சேரும் இடத்தையும் முதலிலேயே பேசி வையுங்கள். தனியாக வண்டிக்கு நடக்காதீர்கள். போலீஸ் கலையச் சொன்னால் நேரத்தைக் குறித்துக்கொண்டு கலையுங்கள். உத்தரவு தவறென்றால் அதை நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பதாகைக்குப் பதாகை என்று நேருக்கு நேர் நிற்பதுதான் ஒரே வழி என்றும் இல்லை. அதே வுன்ஸீடலில் 2014 நவம்பரில் ஊரார் வேறு வழி பிடித்தார்கள். நாஜிகள் நடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 10 யூரோ வீதம், நாஜிக் குழுக்களிலிருந்து வெளியேற விரும்புவோருக்கு உதவும் எக்ஸிட் ஜெர்மனி அமைப்புக்கு நன்கொடை என்று அறிவித்தார்கள். சாலையில் மீட்டர் கணக்கைக் கோடு போட்டு எழுதி, ஊர்வலம் முடியும் இடத்தில் நன்றிப் பலகை வைத்தார்கள். அன்று சேர்ந்த தொகை 10,000 யூரோ. இப்படிச் செய்ய நினைத்தால் நன்கொடை தருபவர்களிடம் வாக்குறுதியை ஊர்வலத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சாலையில் கோடு போட நகரத்தின் அனுமதியும் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போது அவர்களுடைய விண்ணப்பத்துக்கு எத்தனை நாள் அவகாசமோ உங்களுக்கும் அத்தனை நாள்தான்.